முடிவு தெரிந்த கதையில் புது ஆள்: சூப்பர்ஹீரோ முன்கதைத் தொடர்களின் நடிகர் அறிவிப்பை எப்படிப் படிப்பது?

சூப்பர்ஹீரோ முன்கதைத் தொடர் ஒன்றில் புது நடிகர் சேர்ந்திருக்கிறார் என்று செய்தி வந்தால் இரண்டு தரப்பும் குழம்புகிறது. காமிக்ஸைக் கரைத்துக் குடித்தவர்கள், "இந்தப் பெயரில் ஒரு ஆளே கிடையாதே, எங்கிருந்து பிடித்தார்கள்?" என்கிறார்கள். படம் மட்டும் பார்த்தவர்கள், "கதை எங்கே போய் நிற்கும் என்று தெரிந்ததுதானே, புதிதாக ஒருவர் வந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார்கள். இரண்டாவதுதான் நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வியும் கூடவே தீர்ந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், முன்கதைத் தொடரை விற்றுக்கொடுப்பது தெரிந்த பெயர்கள். அதை வாராவாரம் இழுத்துக்கொண்டு போவது பெயர் தெரியாத ஆட்கள். ஒரு அறிவிப்பில் வருபவர் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கு ஃபாக்ஸ் சேனலில் 2014 செப்டம்பரில் தொடங்கி 2019 ஏப்ரலில் 100 எபிசோடுகளோடு முடிந்த 'காதம்' தொடரைவிட நல்ல உதாரணம் இல்லை. முழுதாக ஓடி முடிந்துவிட்டதால், எந்த அறிவிப்பு என்னவாக ஆனது என்று கடைசிவரை பார்க்க முடிகிறது.

## முன்கதையின் அடிப்படைச் சிக்கல்

முன்கதை என்பது ஏற்கெனவே மக்களுக்குத் தெரிந்த கதைக்கு முன்னால் நடந்ததைச் சொல்வது. 'ஸ்மால்வில்' (2001–2011) சூப்பர்மேன் ஆவதற்கு முந்தைய கிளார்க் கென்ட்டின் கதை. 'காதம்' பேட்மேன் ஆவதற்கு முந்தைய சிறுவன் புரூஸ் வேய்னின் ஊர். 'பென்னிவொர்த்' இன்னும் பின்னால் போய், பேட்மேனின் வேலைக்காரர் ஆல்ஃபிரெடின் இளமையைச் சொன்னது. 'கிரிப்டன்' அதற்கும் மேலே போய், சூப்பர்மேனின் தாத்தாவையே நாயகனாக்கியது.

சிக்கல் எங்கே என்றால், இந்தக் கதைகளில் முக்கியமானவர்கள் யாரும் சாக முடியாது. 'காதம்' நாயகனான போலீஸ்காரர் ஜிம் கார்டன் 1939-இல் பேட்மேனின் முதல் கதையிலேயே கமிஷனராக வந்தவர். அவரை ஒரு ரவுடி துப்பாக்கி முனையில் மண்டியிடவைத்தாலும் பார்க்கிறவர்களுக்குப் பதற்றம் வராது. புரூஸ், பின்னாளில் கேட்வுமன் ஆகும் செலினா, வில்லன் பென்குவின் எல்லோருக்கும் இதே காப்பீடு உண்டு.

கூத்துப் பார்க்க உட்கார்ந்தவருக்கும் கர்ணன் விடிவதற்குள் சாவான் என்று தெரியும். ஆனாலும் பாரதத்திலேயே இல்லாத கட்டியங்காரன் அடுத்து என்ன பேசுவான் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. முன்கதைத் தொடருக்கும் அப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறது.

வேறு வழிகளையும் சிலர் முயன்று பார்த்தார்கள். 'கிரிப்டன்' எதிர்காலத்திலிருந்து ஆட்களை வரவழைத்து, "நடக்கவேண்டியது நடக்காமல் போகலாம்" என்று காலத்தையே கலைத்துவிட்டது. அது இரண்டு சீசனோடு நின்றுபோனது. 'பென்னிவொர்த்' நாம் அறிந்த வரலாற்றில் இல்லாத ஒரு இங்கிலாந்தில் கதையை வைத்து, மூன்று சீசன் தாக்குப்பிடித்தது. அவற்றைவிட மலிவான, பழக்கமான வழி புது ஆளை உருவாக்குவதுதான்.

## வருகிறவர் எந்த வகை?

நடிகர் அறிவிப்பில் வரும் பாத்திரங்களை நான்காகப் பிரிக்கலாம். இது தொழில்துறைப் பிரிவு இல்லை, பார்க்கிறவர் வசதிக்காக நான் பிரித்தது.

1. தெரிந்த பெயர், தெரிந்த விதி. கார்டன், புரூஸ், செலினா கைல் போன்றவர்கள். எங்கே போய்ச் சேர்வார்கள் என்பது தெரியும், எப்படி என்பதுதான் கதை.

2. தெரிந்த பெயர், தளர்ந்த விதி. காமிக்ஸில் உண்டு, ஆனால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ரெனே மான்டோயா, கிறிஸ்பஸ் ஆலன் என்ற இரண்டு போலீஸ்காரர்கள் இந்த ரகம்.

3. முழுக்கப் புதியவர். காமிக்ஸில் முன்மாதிரியே கிடையாது.

4. புதியவராக வந்து, பிறகு பழைய பெயரை மாட்டிக்கொள்பவர். ரசிகர்களை அதிகமாகக் குழப்புவது இந்த வகைதான். கொஞ்சம் கழித்து வருகிறேன்.

## ஃபிஷ் மூனி என்ன வேலை செய்தார்

'காதம்' தொடங்குவதற்கு முன்பே அதிகம் பேசப்பட்ட அறிவிப்பு, ஜேடா பிங்கெட் ஸ்மித் ஃபிஷ் மூனியாக நடிக்கிறார் என்பது. மூனி காமிக்ஸில் இல்லாத ஆள். தொடருக்காகவே எழுதப்பட்ட பெண் ரவுடித் தலைவி. தொடரின் ஆரம்ப நடிகர் பட்டியலில் இருந்தவர்களிலேயே பரவலாக அறியப்பட்ட திரைப்பட நட்சத்திரம் அவர்தான். அவரைப் போய் யாருக்கும் தெரியாத பாத்திரத்தில் போட்டது ஏன் என்று அப்போது பலருக்குப் புரியவில்லை.

முதல் எபிசோடைப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். மூனி ஒரு கிளப் நடத்துகிறார். மழையில் அவர் தலைக்குக் குடை பிடிப்பதும், காலைப் பிடித்துவிடுவதும் ஆஸ்வால்ட் காபில்பாட் என்ற ஒல்லியான எடுபிடி. அந்த எடுபிடிதான் பின்னாளில் பென்குவின். அது எல்லோருக்கும் தெரியும், மூனிக்கு மட்டும் தெரியாது. அவன் போலீஸுக்குத் துப்புக் கொடுத்ததைக் கண்டுபிடித்து அவனை அடித்து நொறுக்குகிறார். அந்த அடி ஒவ்வொன்றும் விழும்போது, இதற்கு ஒருநாள் பதில் வரும் என்று நமக்குத் தெரிகிறது, எப்போது என்று தெரியவில்லை. முதல் சீசன் முடிவில் அவன் மூனியைக் கூரையிலிருந்து ஆற்றுக்குள் தள்ளுகிறான்.

ஒரே புதுப் பாத்திரம் இங்கே மூன்று வேலையை முடித்திருக்கிறது. பென்குவினுக்கு ஒரு எஜமானியைக் கொடுத்து அவனுடைய ஏற்றத்துக்கு உயரத்தை அளந்து காட்டியது. எந்த வாரமும் சாகக்கூடிய ஒரு பெரிய நட்சத்திரத்தைத் திரையில் வைத்தது. பிறகு, யாரும் "இது காமிக்ஸில் இப்படி இல்லையே" என்று சண்டைக்கு வர முடியாத இடத்தை எழுத்தாளர்களுக்குக் கொடுத்தது. பிங்கெட் ஸ்மித் ஒப்புக்கொண்டிருந்ததும் ஒரு வருடத்துக்குத்தான். கார்டன் வேடத்தில் ஒரு வருட ஒப்பந்தம் போட முடியாது, மூனிக்குப் போடலாம்.

இரண்டாவது சீசனில் அவரை உயிர்ப்பித்துத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மூன்றாவதில் மறுபடி கொன்றார்கள். என் கணக்கில் அந்தத் திரும்பிவருதல் ஒரு தவறான முடிவு. சாக முடிந்த ஒரே பெரிய ஆள் செத்தும் வரலாம் என்று ஆனபிறகு, அவருக்கும் கார்டனுக்கும் என்ன வித்தியாசம்?

## புது ஆள் பழைய பெயரை மாட்டிக்கொள்ளும்போது

மூனியின் வலதுகை புட்ச் கில்சீன். நடித்தவர் ட்ரூ பாவெல். கனத்த உடம்பு, மெல்லிய பேச்சு, எந்த எஜமான் வந்தாலும் விசுவாசம். மூன்று சீசன் அவர் வெறும் புட்ச்தான். மூன்றாவது சீசன் கடைசியில் சுடப்பட்டு நினைவில்லாமல் கிடக்கிறார். அப்போதுதான், அவருடைய உண்மைப் பெயர் சைரஸ் கோல்ட் என்று தெரியவருகிறது. காமிக்ஸ் படிப்பவர்களுக்கு இந்தப் பெயர் போதும். சேற்றிலிருந்து எழுந்து வரும் சாலமன் கிரண்டி என்ற வில்லனின் பிறப்புப் பெயர் அது. நான்காவது சீசனில் சொன்னபடியே சதுப்பில் வீசப்பட்டு, வெளுத்துப்போய் எழுந்து வந்தார்.

இதை முதலிலேயே திட்டமிட்டார்களா, பாதியில் தோன்றியதா என்பது இங்கே பொருட்டில்லை. வெற்றிடமாக எழுதப்பட்ட பாத்திரத்தில் பிறகு எந்தப் பெயரையும் ஊற்றலாம் என்பதுதான் விஷயம். அதனால் "புதுப் பாத்திரம்" என்ற அறிவிப்பை அப்படியே நம்புவதும் தவறு, உடனே "இது கண்டிப்பாக இன்ன வில்லன்தான்" என்று துப்பறிவதும் தவறு. ஆடிஷனுக்குக் கொடுக்கும் வசனத் தாள்களில் பொய்ப் பெயர் போடுவதும், கதையிலேயே இல்லாத காட்சியை எழுதிக் கொடுப்பதும் இந்தத் துறையில் சகஜம். கசிந்த தாளை வைத்துக் கதை சொல்பவர்கள் பல தடவை மண்ணைக் கவ்வுவது இதனால்தான்.

## பெயர் யார் கையில் இருக்கிறது

தெரிந்த பாத்திரத்தையே கொண்டுவராமல் ஏன் புதிதாக உருவாக்குகிறார்கள் என்பதற்குக் கதையைத் தாண்டிய காரணமும் உண்டு. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே சினிமாப் பிரிவும் தொலைக்காட்சிப் பிரிவும் ஒரே பாத்திரத்துக்குப் போட்டிபோடும். பெரும்பாலும் ஜெயிப்பது சினிமா.

'ஸ்மால்வில்' பிறந்த கதையே இதற்குச் சாட்சி. முதலில் யோசிக்கப்பட்டது இளம் புரூஸ் வேய்னைப் பற்றிய தொடர். வார்னர் சினிமாப் பிரிவு பேட்மேனின் தோற்றக் கதையைப் படமாக எடுக்க நினைத்ததால் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகத்தான் இளம் கிளார்க் கென்ட் வந்தார். அப்புறமும் அந்தத் தொடரில் பேட்மேன் தலைகாட்டவே இல்லை. பணக்காரர், முகமூடி, இரவில் வேட்டை என்ற அந்த இடத்தை 2006-இல் ஜஸ்டின் ஹார்ட்லி நடித்த கிரீன் ஏரோவை வைத்து நிரப்பினார்கள். நான்காவது சீசனில் எரிகா டியூரன்ஸ் சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேனாக வந்தபோதும், ஆரம்பத்தில் அவருக்குச் சில எபிசோடுகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது.

'காதம்' தொடரில் இந்தத் தடையின் உச்சம் கேமரன் மோனகன். 2015-இல் ஒரு எபிசோடில் சர்க்கஸ்காரியின் மகன் ஜெரோமாக வந்தார். விசாரணை அறையில் அழுதுகொண்டே இருந்த பையன் திடீரென்று வாயைப் பிளந்து சிரித்த நொடியில், இவன் யார் என்று பார்த்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பேட்மேனின் பரம எதிரியான ஜோக்கர் என்ற பெயர் அவனுக்குச் சூட்டப்படவே இல்லை. இரண்டாவது சீசனில் ஜெரோம் கொல்லப்படுகிறான், மூன்றாவதில் பிணத்திலிருந்து எழுகிறான், நான்காவதில் மறுபடி சாகிறான். அவனுடைய இரட்டையன் ஜெரமையா அந்த இடத்துக்கு வருகிறான். அவனையும் மோனகனே நடித்தார். பெயரைச் சொல்ல முடியாத ஒரு வில்லனை ஐந்து சீசன் ஓட்டியதுதான் அந்தத் தொடரின் பெரிய சாமர்த்தியம் என்பேன். தடை இல்லாமல் இருந்திருந்தால் இந்த வளைவு நெளிவெல்லாம் தோன்றியிருக்காது.

## அறிவிப்பில் பாத்திரப் பெயரைவிட முக்கியமான சொல்

ஹாலிவுட் வணிகப் பத்திரிகைகளில் வரும் நடிகர் செய்தியில், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சொல் இருக்கும். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1. ரெகுலர்: நிரந்தர நடிகர். சீசன் முழுக்க அவர் தேதிகள் தொடருக்குச் சொந்தம். எல்லா எபிசோடிலும் வருவார் என்று அர்த்தமில்லை. 13 எபிசோடில் குறைந்தது இத்தனைக்குச் சம்பளம் உண்டு என்ற உத்தரவாதம்தான் பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

2. ரெகரிங்: அவ்வப்போது வருபவர். கதை பிடித்தால் நீளும், பிடிக்காவிட்டால் சத்தமில்லாமல் காணாமல் போவார். மொரீனா பக்காரின் டாக்டர் லெஸ்லி தாம்ப்கின்ஸாக முதல் சீசனில் இப்படித்தான் வந்தார், இரண்டாவதில் ரெகுலர் ஆனார்.

3. கெஸ்ட்: ஒன்றிரண்டு எபிசோடு. மோனகன் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

முதலிலேயே ரெகுலராக வந்ததால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். மான்டோயாவாக நடித்த விக்டோரியா கார்ட்டஹேனாவும் ஆலனாக நடித்த ஆண்ட்ரூ ஸ்டூவர்ட்-ஜோன்ஸும் முதல் சீசன் ரெகுலர்கள். அடுத்த சீசனில் இருவருமே இல்லை. அவர்கள் போனதற்குக் கதைக்குள் ஒரு காரணம்கூடச் சொல்லப்படவில்லை. கார்ட்டஹேனா பிறகு 'பேட்வுமன்' தொடரில் அதே மான்டோயாவாகத் திரும்பி வந்தார் என்பது தனிக் கதை.

ரெகுலர் ஒப்பந்தம் எவ்வளவு நீளம்? அமெரிக்காவில் பல வருடங்களுக்குச் சேர்த்தே கையெழுத்து வாங்குவார்கள். கடைசிச் சுற்று ஆடிஷனுக்குப் போவதற்கு முன்பே, தேர்வானால் வருடா வருடம் சம்பளம் என்ன என்பதுவரை நடிகர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இந்த நீளத்துக்கு ஒரு எல்லை உண்டு. கலிஃபோர்னியா சட்டப்படி ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் ஏழு வருடத்துக்கு மேல் கட்டிப்போட முடியாது. வேலையில்லாமல் நிறுத்திவைத்த நாட்களையும் சேர்த்து இழுத்த ஸ்டூடியோவின் மீது நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குப் போட்டு, 1944-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் ஜெயித்தபோது, ஏழு என்றால் காலண்டர்படி ஏழு என்று முடிவானது. தொடர் ஒப்பந்தங்களில் ஆறு, ஏழு என்ற எண் அடிக்கடி தென்படுவதன் பின்னணி இது.

முன்கதைத் தொடரில் இந்த நீளம் ஒரு கூடுதல் பொருளைப் பெறுகிறது. எல்லோருக்கும் தெரிந்த பாத்திரத்துக்கு நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் ஆள் எடுக்க முடியாது. அந்த முகத்தைப் பாதியில் மாற்றினால் தொடர் ஆட்டம் கண்டுவிடும். புதுப் பாத்திரத்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அதனால்தான் அதிகச் சம்பளம் கேட்கிற, நேரம் குறைவான நட்சத்திரங்கள் பெரும்பாலும் காமிக்ஸில் இல்லாத பாத்திரங்களில் வந்து உட்காருகிறார்கள்.

## முகத்தை மாற்றினால் என்ன ஆகும்

மாற்றவே மாட்டார்கள் என்றில்லை. 'காதம்' ஐவி பெப்பரை மூன்று பேர் நடித்தார்கள். முதலில் சிறுமியாக கிளேர் ஃபோலி. மூன்றாவது சீசனில் ஒரு மாயத் தொடுகையால் திடீரென்று பெரியவளாகி மேகி கீஹா. நான்காவதில் ரசாயனம் குடித்து மறுபடி மாறி பெய்டன் லிஸ்ட். பாய்சன் ஐவி என்ற வில்லியாகக் காட்டச் சிறுமியின் வயது இடம் கொடுக்கவில்லை என்பதைக் கதைக்குள் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டியிருந்தது. பார்க்கக் கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் இருந்தது.

புரூஸாக நடித்த டேவிட் மசூஸ் விஷயம் வேறு. 13 வயதில் தொடங்கியவர், தொடரோடு வளர்ந்தார். கடைசி எபிசோடு பத்து வருடம் தாண்டிக் குதித்தபோது, பேட்மேன் உடைக்குள் வேறொருவரை நிற்கவைத்தார்கள். செலினாவாக ஐந்து சீசன் நடித்த கேம்ரன் பிகோண்டோவா அந்தக் கடைசி எபிசோடில் இல்லை. வளர்ந்த செலினாவாக வந்தவர் லிலி சிம்மன்ஸ். சிறுவர்களை வைத்து முன்கதை எடுக்கும் எந்தத் தொடருக்கும் இந்தக் கணக்கு காத்திருக்கிறது.

## புதுப் பாத்திரம் யாருக்குச் சொந்தம்

தொடருக்காக எழுதப்பட்ட ஆள் காமிக்ஸுக்குள் நுழைவதும் உண்டு. ஹார்லி குவின் 1992-இல் பேட்மேன் கார்ட்டூன் தொடரில் ஒரு எபிசோடுக்காக உருவான எடுபிடி. எழுத்தாளர் பால் டினி தன் தோழி ஆர்லீன் சார்கினை ஒரு தொடரில் கோமாளி உடையில் பார்த்து எழுதினார், குரலும் சார்கினே கொடுத்தார். இன்று அந்தப் பெயருக்குத் தனிப் படமே இருக்கிறது. 'ஸ்மால்வில்' தொடரின் குளோயி சல்லிவனும் 2010-இல் காமிக்ஸுக்குப் போனவர்.

அதனால் ஒரு பாத்திரத்துக்குப் "புதியது" என்று முத்திரை விழுகிறதா, "பழையதன் வழிவந்தது" என்று விழுகிறதா என்பதில் பணமும் இருக்கிறது. பேட்மேன், சூப்பர்மேன் காமிக்ஸை வெளியிடும் டிசி நிறுவனம் தன் எழுத்தாளர்களுக்கு அவர்கள் படைத்த பாத்திரம் திரையில் வந்தால் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கம் உண்டு. பழைய பாத்திரத்தின் வழிவந்தது என்று வகைப்படுத்தினால் அந்தப் பங்கு கைவிட்டுப் போகிறது என்று எழுத்தாளர் ஜெர்ரி கான்வே 2015-இல் வெளிப்படையாகவே முறையிட்டார். அதே 2015 செப்டம்பரில்தான், பேட்மேனை உருவாக்கியதில் பங்கு கொண்ட பில் ஃபிங்கரின் பெயர் 'காதம்' இரண்டாவது சீசனில் சேர்க்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. அவர் இறந்து 41 வருடம் ஆகியிருந்தது.

## இப்போது வரும் செய்திகளுக்கு

2024 சான் டியேகோ காமிக்-கானில் அறிவிக்கப்பட்ட 'வாட் ரைசிங்', 'தி பாய்ஸ்' தொடரின் முன்கதை. களம் 1950-கள். முதலில் சொல்லப்பட்ட பெயர்கள் ஜென்சன் ஆக்கிள்ஸும் ஆயா கேஷும். இருவரும் தாய்த் தொடரில் சோல்ஜர் பாயாகவும் ஸ்டார்ம்ஃபிரன்ட்டாகவும் நடித்தவர்கள்தான். வயது ஏறாத பாத்திரங்கள் என்பதால் முகத்தை மாற்றும் தலைவலி இல்லை. விற்பனைக்கு வேண்டிய பெயர்களும் முதல் நாளே கைக்கு வந்துவிட்டன.

ஆனால் ஸ்டார்ம்ஃபிரன்ட் இந்தக் காலத்தில் நடக்கும் தாய்த் தொடரில்தான் சாகிறார், அதை 2022-இலேயே பார்த்தாகிவிட்டது. சோல்ஜர் பாயும் 1950-களில் சாகப்போவதில்லை, 1980-கள்வரை அவருக்குக் கதை இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட விழாது என்று தெரிந்தேதான் உட்காரப்போகிறோம். இனிமேல் வரும் ஒவ்வொரு நடிகர் அறிவிப்பிலும், தாய்த் தொடரில் ஒரு வரிகூடப் பேசப்படாத பெயர் யாருக்குக் கிடைக்கிறது, அவருக்குப் பக்கத்தில் ரெகுலர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால், முதல் சீசன் முடிவதற்குள் ஏதாவது ஒரு கூரை விளிம்பில் நிற்கப்போகிறவர் அநேகமாக அவர்தான்.